சம்மனசுகளைச் சுட்டது யாரு?

இங்கிலாந்துல ஏதாவது ஒரு பழைய சர்ச்சுக்குள்ள போய், மூக்கு போன சிலையையோ முகம் சிதைஞ்ச ஓவியத்தையோ காட்டி, "இது யார் பண்ணின வேலை?"ன்னு கேட்டுப் பாருங்க. அனேகமா ஒரே பதில்தான் வரும். "க்ராம்வெல்!" எந்த க்ராம்வெல்னு அடுத்த கேள்வி கேட்டா கொஞ்சம் முழிப்பாங்க. ஏன்னா ஆள் ரெண்டு. எட்டாம் ஹென்றிக்கு மந்திரியா இருந்து மடங்களை எல்லாம் இழுத்து மூடின தாமஸ் க்ராம்வெல் ஒருத்தர் (1540ல அவர் தலையையே ராஜா எடுத்துட்டார்). நூறு வருஷம் கழிச்சு, சார்லஸ் மன்னரை எதிர்த்துச் சண்டை போட்ட ஆலிவர் க்ராம்வெல் இன்னொருத்தர். தாமஸோட சகோதரி வழியில வந்தவர்தான் அவரும். ஊர் ஜனங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, எது உடைஞ்சிருந்தாலும் அவர் தலையில கட்டிடறாங்க. ஊர்ல எந்தத் திருட்டு நடந்தாலும் பழைய கேடி பேர்லயே கேஸ் எழுதற ஏட்டய்யா மாதிரி.

இந்த ஏட்டய்யா புத்தியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சும்மா பொதுவாப் பேசினா மொக்கையாயிடும். அதனால ஒரே ஒரு சர்ச்சை எடுத்துக்கறேன்.

சஃபோக் மாவட்டத்துல, கிழக்குக் கடற்கரை ஓரமா, ப்ளைத்பரோன்னு ஒரு கிராமம். லண்டன்லேர்ந்து வடகிழக்கா போற ஏ-12 சாலையில, ப்ளைத் ஆத்தைத் தாண்டற இடம். சுத்திலும் சதுப்பு நிலம், நாணல், சேறு. நடுவுல ஒரு மேட்டு மேல, அந்தக் கிராமத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத சைஸ்ல ஒரு கல் கப்பல் தரைதட்டி நிக்கற மாதிரி நிக்குது ஹோலி ட்ரினிட்டி சர்ச்சு. "சதுப்பு நிலத்துக் கதீட்ரல்"னு செல்லப்பேர். ஆனா கதீட்ரல் கிதீட்ரல் எல்லாம் இல்லை. சாதாரணப் பங்குக் கோயில்தான்.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கோயில்? ஊர் அப்ப சின்னதா இல்லை, அதான் விஷயம். ஆத்துல கப்பல் வந்துட்டு இருந்த காலத்துல இது துறைமுகம், சந்தை கூடற ஊர். அகஸ்டீனியத் துறவிகளோட மடம் ஒண்ணு பக்கத்துலயே இருந்தது. கோயில் அவங்க பொறுப்பு. 1412ல நாலாம் ஹென்றி மன்னர்கிட்ட அனுமதி வாங்கிப் புதுசாக் கட்ட ஆரம்பிச்சாங்க. மேற்குப் பக்கத்து மணிக்கோபுரம் மட்டும் அதுக்கு முந்தின நூற்றாண்டு. அதை அப்படியே விட்டுட்டு, அது பின்னால சுமார் 128 அடி நீளத்துக்கு இதைக் கட்டிச் சேர்த்தாங்க. பணம் போட்டவங்கள்ல ஊர்ப் பெரிய மனுஷன் ஜான் ஹாப்டன் குடும்பம் முக்கியம். அவர் கல்லறை இன்னிக்கும் உள்ளயே இருக்கு.

கட்டட பாணிக்கு பெர்ப்பெண்டிகுலர்னு பேர். பேர் வச்சது கட்டினவங்க இல்லை, தாமஸ் ரிக்மன்னு ஒருத்தர், 1817ல. நேர்குத்துக் கோடுகளா இழுத்து இழுத்துக் கட்டின பாணி. இதுல சுவர்ங்கறது சன்னலுக்குச் சட்டம் போட்ட மாதிரி ஒரு சமாச்சாரம்தான். ப்ளைத்பரோவுல கீழ் வரிசை சன்னல் போதாதுன்னு, மேலே கூரைக்குக் கீழே பக்கத்துக்குப் பதினெட்டுன்னு இன்னொரு வரிசை. சஃபோக்ல நல்ல கட்டடக்கல் கிடையாது. கிடைக்கிறது சிக்கிமுக்கிக் கல். அதை உடைச்சா உள்ளே கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். அந்தக் கறுப்பையும், வெளியூர்லேர்ந்து கொண்டுவந்த வெள்ளைக் கல்லையும் சேர்த்து இழைச்சு, சுவர் பூரா கோலம் மாதிரி போட்டு வச்சிருக்காங்க. கிழக்குச் சுவர்ல சன்னலுக்குக் கீழே அதே வேலைப்பாட்டுல வரிசையா கிரீடம் வச்ச தனித்தனி எழுத்துக்கள். ஒவ்வொண்ணும் ஒரு லத்தீன் சொல்லோட முதல் எழுத்தாம். மூவொரு கடவுள், மேரி, இன்னும் சில புனிதர்கள் பேருக்கு இந்தக் கோயிலைக் கட்டினதா வாசிக்கிறாங்க. அறிஞர்கள் ஊகம்தான். ஆனா நல்ல ஊகம்.

சரி, கூரைக்கு வருவோம். வந்த காரியமே அதுதான்.

நடுக்கூடத்துக் கூரை கிட்டத்தட்டத் தட்டையான மரக்கூரை. உத்தரங்களோட நடுவுல, முதுகோட முதுகு ஒட்டினாப்புல, சிறகை அகல விரிச்சபடி தேவதூதர்கள். சின்ன வயசுல கேட்ட 'சம்மனசு'ங்கற வார்த்தைதான் எனக்கு இவங்களைப் பார்த்தா வாயில வருது. 15ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரங்களுக்கு, அதுலயும் இந்தக் கிழக்குப் பக்கத்துக்காரங்களுக்கு, கூரையில சம்மனசு வைக்கிறதுல ஒரு வெறியே இருந்திருக்கு. ஆரம்பிச்சு வச்சது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், 1390கள்ல. அப்புறம் நூத்தி முப்பது வருஷத்துக்குப் பார்த்த இடமெல்லாம். ப்ளைத்பரோவுல கூரை மேல அடிச்ச வெள்ளையும், அதுல சிவப்பும் பச்சையுமா வரைஞ்ச பூக்களும், இயேசு பேரோட சுருக்கெழுத்தும் இன்னும் மங்கலாத் தெரியுது. யாரும் திரும்பப் பூசாத, பழைய ஒரிஜினல் வண்ணம். சம்மனசுங்களோட நிறம் முக்காவாசி போயிடுச்சு. சிலதுக்கு முகத்துல மரத்தோட ரேகை தெரியுது.

அந்த மரத்துலதான் ஈய ரவைகள் பாஞ்ச ஓட்டைங்க.

ஊர்க்கதை ரெடியா இருந்தது. பேர் வில்லியம் டௌசிங். ப்யூரிட்டன் ஆள், சஃபோக்காரர்தான். உள்நாட்டுப் போர் சமயத்துல, 1643 டிசம்பர்ல, விக்கிரகங்களையும் மூடநம்பிக்கைச் சின்னங்களையும் அழிக்கன்னே நியமிச்ச அதிகாரி. பத்து மாசத்துல கேம்பிரிட்ஜ், சஃபோக் பக்கம் இருநூத்தைம்பதுக்கு மேல சர்ச்சுகளை ரவுண்டு அடிச்சார். போற இடத்துல எல்லாம் உடைச்சு, உடைச்சதுக்கு அந்தச் சர்ச்சுகிட்டயே ஃபீஸும் வாங்கினார். பெரும்பாலும் ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ். (வீட்டை இடிச்சுட்டு இடிக்கூலி கேக்கற கதை.) முக்கியமா, என்னென்ன உடைச்சோம்னு டைரி எழுதி வச்சார். மூலப்பிரதி போயிடுச்சு, நகல்கள் பிழைச்சு 1786ல அச்சுல வந்தது.

1644 ஏப்ரல் 9, ப்ளைத்பரோ. அன்னிக்கு அவர் எழுதி வச்சதோட சாரம் இதுதான்: மூடத்தனமான படங்கள் இருபது. முகப்புல ஒரு சிலுவை, கோபுரத்துல ஒரு சிலுவை. செத்தவங்க ஆத்மாவுக்கு வேண்டிக்கச் சொல்ற கல்வெட்டு வாசகம் மூணை உடைச்சாச்சு. கோயிலுக்குள்ள இருக்கற இருபது கேருபீன்களை இறக்கணும். இன்னும் இருநூறுக்கு மேல படங்களை எட்டு நாளைக்குள்ள எடுக்கணும்னு உத்தரவு.

இருபது கேருபீன்னா நம்ம கூரைச் சம்மனசுங்கதான். ஊர்க்கதை மிச்சத்தைத் தானே எழுதிக்கிச்சு. டௌசிங்கோட சிப்பாய்ங்க கூரைக்கு எட்டாததால துப்பாக்கியால சுட்டாங்க, தூண்கள்ல இருக்கற இரும்பு வளையத்துல குதிரையைக் கட்டினாங்க, தரைச் செங்கல் உடைஞ்சிருக்கறது குளம்படி பட்டு... எல்லாம் க்ராம்வெல் கணக்கு.

1970கள்ல கூரையைச் சரிபண்ணும்போது ரவைகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தாங்க. டௌசிங் காலத்துச் சிப்பாய்ங்க சுட்ட குண்டு இல்லை அது. அதுக்கு நூறு வருஷம் பிந்தின, பறவை சுடற ரவை. 18ம் நூற்றாண்டுச் சர்ச்சுக் கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டினா, கோயிலுக்குள்ள அடைஞ்சிருக்கற ஜாக்டாவை, அதாவது குட்டிக் காக்கா ஜாதி ஒண்ணை, சுடறதுக்கு மருந்தும் ரவையும் வாங்கின செலவு எழுதியிருக்கு.

ஆக, சம்மனசுகளைச் சுட்டது கோயில் ஆளுங்கதான். அதுவும் சம்மனசு மேல ஒரு கோபமும் இல்லாம. காக்காவைக் குறிவச்சு, கோயில் காசுல, பில்லு போட்டு!

இந்த இடத்துல "அப்ப டௌசிங் நல்லவரா?"ன்னு யாராவது கேப்பீங்க. இல்லை. படங்களும் கல்வெட்டும் போனது போனதுதான், அவர் கையெழுத்தே சாட்சி. ஆனா அவர் பண்ணினதை மட்டும் அவர் கணக்குல எழுதுங்கறேன். அவர் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே அரசாங்கம் சிலைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு மேல உத்தரவு போட்டு, ஊர்க்காரங்களே பாதியை எடுத்து முடிச்சிருந்தாங்க. மடத்தை 1537ல மூடினாங்க. கோயிலைப் பார்த்துக்க வேண்டிய ஆளே அதோட காலி. அதே சமயத்துல ஆறும் தூர்ந்துபோக, பெரிய கப்பல் உள்ள வரலை. வியாபாரம் படுத்தது. கோயில் மட்டும் அதே சைஸ்ல நிக்குது, பார்த்துக்கற ஊர் சுருங்கிக்கிட்டே போகுது. இதைப் பத்திக் கதை கட்ட யாருக்கும் தோணலை, ஏன்னா இதுல வில்லன் இல்லை.

வில்லன் வேணும்னா மனுஷன் எங்கேர்ந்தும் பிடிச்சுட்டு வருவான். 1577 ஆகஸ்ட் 4, ஞாயித்துக்கிழமை. பூசை நடந்துட்டு இருக்கும்போது இடி. மணிக்கோபுரத்து மேல இருந்த கூம்பு சரிஞ்சு கூரையைப் பிச்சுக்கிட்டு விழுது. ஒரு ஆளும் ஒரு பையனும் செத்துப் போனாங்க. அதே நாள் பக்கத்து ஊர் பங்கேயிலயும் இதே மாதிரி. ஆப்ரஹாம் ஃப்ளெமிங்னு ஒரு எழுத்தாளர் உடனே துண்டுப் புஸ்தகம் போட்டார்: வந்தது இடி மட்டும் இல்லையாம், பிசாசு ஒரு கறுப்பு நாய் ரூபத்துல வந்ததாம். அந்த நாய்க்கு 'ப்ளாக் ஷக்'னு பேர். ப்ளைத்பரோ வடக்குக் கதவுல இருக்கற கருகின தடங்களை நாயோட நகம் பட்ட இடம்னு இன்னிக்கும் காட்டறாங்க. டூரிஸ்டுங்க முக்காவாசிப் பேர் அந்தக் கதவைத்தான் படம் எடுக்கறாங்க. விழுந்த கூம்பைத் திரும்பக் கட்டவே இல்லைங்கற விஷயம் யார் கண்ணுலயும் படறதில்லை. நானூத்தி ஐம்பது வருஷமாக் கட்டலைங்க. நாயா வந்து தடுத்துச்சு?

இப்படியே தேய்ஞ்சு தேய்ஞ்சு 19ம் நூற்றாண்டுக்கு வந்தப்ப, மழை பேஞ்சா ஜனங்க உள்ளேயே குடை பிடிச்சு உக்காந்திருந்தாங்கன்னு சொல்றாங்க. 1881ல, உள்ளே போறதே ஆபத்துன்னு பிஷப் கோயிலைப் பூட்டச் சொல்லிட்டார்.

அதுக்கு அப்புறம் நடந்த சண்டைதான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச பகுதி. அந்தக் காலத்து இங்கிலாந்துல பழைய சர்ச்சைப் புதுப்பிக்கறது ஒரு பெரிய தொழில். சுவர்ப் பூச்சைச் சுரண்டி எடுத்து, பிற்காலத்துச் சேர்க்கையை எல்லாம் இடிச்சு, "13ம் நூற்றாண்டுல இப்படித்தான் இருந்திருக்கும்"னு பளபளன்னு கட்டிக் குடுத்துடுவாங்க. இந்த வேலையில பெரிய பேர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட். லண்டன் நீதிமன்றக் கட்டடம் அவர் கைவண்ணம்தான். ப்ளைத்பரோ வேலையும் அவர்கிட்டதான் வந்தது. இதை எதிர்த்தவர் வில்லியம் மாரிஸ். ஆமாம், அதே வால்பேப்பர் டிசைன் மாரிஸ்தான். பழைய கட்டடங்களைக் காக்கன்னு 1877ல ஒரு சங்கமே ஆரம்பிச்சவர். சுரண்டறதை எதிர்த்ததால 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்'னே அதுக்குக் கிண்டல் பேர். இதுல கூத்து என்னன்னா, 1856ல மாரிஸ் வேலை கத்துக்கிட்டதே ஸ்ட்ரீட் ஆபீஸ்லதான். சிஷ்யன் குருவோட திட்டத்தைத் தடுக்க வந்து நிக்கறார்.

மாரிஸ் கட்சி சொன்னது எளிமையான விஷயம். ஒழுகற இடத்தை அடை, சாயற சுவருக்கு முட்டுக் குடு, மத்ததைத் தொடாதே. ஸ்ட்ரீட் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை முழுங்கிடக் கூடாது. பாதிரியாருக்கு ஞாயித்துக்கிழமை பூசை வைக்க ஒரு கூரை வேணும். லண்டன்ல உக்காந்துக்கிட்டு "தொடாதே"ன்னு கடுதாசி போடறவங்க, தொடாம இருக்கறதுக்கு ஆகற செலவைக் குடுத்தாங்களா? நான் அந்தப் பாதிரியாரா இருந்திருந்தா, மாரிஸ் கடுதாசியைப் பார்த்ததும் எரிச்சல்தான் பட்டிருப்பேன்.

1881 டிசம்பர்ல ஸ்ட்ரீட் இறந்துபோனார். பணமும் சரியாச் சேரலை. கொஞ்சம் கொஞ்சமா ஒட்டுப் போட்டு, 1884ல கோயிலைத் திறந்தாங்க. பிற்பாடும் காசு வந்தப்ப கொஞ்சம், காசு இல்லாதப்ப சும்மான்னு வேலை நடந்துட்டு வந்திருக்கு. அதனாலதான் இன்னிக்கு உள்ளே போனா மேடு பள்ளமான செங்கல் தரை, வெள்ளைச் சுவர், நிறம்போன கூரை, வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போயிட்டதால சன்னல் வழியா நேரா வந்து விழற கடற்கரை வெளிச்சம். பெஞ்சு முனைகள்ல ஏழு பாவங்களைச் செதுக்கியிருக்காங்க. பேராசை தன் பணப்பெட்டி மேலயே உக்காந்திருக்கு, சோம்பேறி படுக்கையை விட்டு எழுந்திருக்கலை, வம்பு பேசறவன் நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கான். (நம்ம பதிவுலகத்துக்கு ஒண்ணு பார்சல் கேக்கலாமான்னு தோணிச்சு :-)) பீட ஓரத்து மர இருக்கையில டர்க்னு ஒரு டச்சுப் பையன் 1665ல தன் பேரைக் கீறி வச்சிருக்கான். அப்ப இங்கே பள்ளிக்கூடம் நடந்திருக்கு. நல்லா 'ரிப்பேர்' பண்ணின சர்ச்சா இருந்தா, அந்தப் பலகையை இழைச்சு பாலிஷ் போட்டிருப்பாங்க. டர்க் காலி.

ஒரு நண்பர் கேட்டார்: "சம்மனசுங்களுக்குப் பழையபடி சிவப்பு, பச்சை, தங்கம்னு பூசிட்டா எவ்வளவு ஜோரா இருக்கும்! அதுதானே கட்டினவன் ஆசை?" ஜோராத்தான் இருக்கும். ஆனா கட்டினவன் ஆசைன்னு எதை வச்சுச் சொல்றது? மிஞ்சியிருக்கற நாலு பொட்டு வண்ணத்தை வச்சு நாம ஊகிக்கறதை, அந்த நாலு பொட்டு மேலயே பூசிட்டா, ஊகம் தப்புன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்றதுக்கு ஆதாரமே இருக்காது. ரவை ஓட்டைகளை 1881லயே மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சு மேல தங்கம் பூசியிருந்தா, டௌசிங்தான் சுட்டார்னு நாம இன்னும் சொல்லிக்கிட்டு இருப்போம். அதனால என் கட்சி மாரிஸ் கட்சி. கண்ணாடிப் பெட்டியில பூட்டி வைக்கச் சொல்லலை. பாட்டுக் கச்சேரி வைங்க, பூசை வைங்க. 1969ல ஸ்நேப் அரங்கம் எரிஞ்சு போனப்ப, பெஞ்சமின் பிரிட்டன் தன் விழாவோட மோட்ஸார்ட் ஓபெராவை இந்தக் கோயிலுக்குள்ளதானே நடத்தினார்! கூரை ஒழுகாமப் பார்த்துக்கங்க, சம்மனசு மூஞ்சியில மட்டும் கைவைக்காதீங்க.

ஒழுகாமப் பார்த்துக்கறதுக்குத்தான் காசு. வெளியூர்க்காரங்க நிறையப் பேர் இந்த மாதிரிச் சர்ச்சுகளை அரசாங்கம் பராமரிக்குதுன்னு நினைக்கறாங்க. இல்லைங்க. ஓட்டை அடைக்கறது அந்தந்தப் பங்கு மக்கள் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை வர்ற கொஞ்சம் வயசானவங்க, கேக் வித்து, உண்டியல் குலுக்கி, ஐநூறு வருஷத்துக் கூரைக்கு ஈயத் தகடு வாங்கணும். பழைய வழிபாட்டு இடங்களைச் சரிபண்ற செலவுல வாட் வரியை மட்டும் அரசாங்கம் 2001லேர்ந்து மானியமாத் திருப்பிக் குடுத்துட்டு வந்தது. 2025 ஏப்ரல்ல அதுக்கும் ஒரு இடத்துக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்டுதான்னு உச்சவரம்பு போட்டாங்க. பெரிய கூரையைக் கழட்டி மாட்டற சர்ச்சுக்கு, வரியே அதைப்போலப் பல மடங்கு வரும். இதுக்கு எதிரா சர்ச்சு ஆளுங்க குரல் குடுத்தாங்க, கடுதாசி போட்டாங்க. ஆனா கறுப்பு நாய்க்குக் கிடைக்கற கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட இதுக்குச் சேரலை. மழைநீர்க் குழாயில அடைச்சுக்கிட்ட இலையைப் பத்தி யாரு துண்டுப் புஸ்தகம் போடுவாங்க?

போக நினைக்கறவங்களுக்கு: ரயில்ல ஹேல்ஸ்வொர்த் வரைக்கும் போய், அங்கேர்ந்து டாக்ஸி. காலையில போங்க, வெளிச்சம் நல்லா இருக்கும். பைனாகுலர் ஒண்ணு கட்டாயம், இல்லைன்னா கழுத்து வலிதான் மிச்சம். கதவைப் படம் எடுத்து முடிச்சுட்டு, உண்டியல் வாசல் பக்கம் இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க.